எல்லோராவிலிருந்து காஞ்சி வரை

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ப்பயணம் என்பது ஒரு சடங்கு போலவே அமைந்துவிட்டது. இரவில் வண்டி ஏறுகிறோம். நாக்பூரில் ஆரஞ்சுப் பழமும் விஜயவாடாவில் தயிர்ச்சோற்றுப் பொட்டலமும் வாங்குகிறோம். உண்டும் உறங்கியும் பொழுதைப் போக்கிச் சென்னையில் இறங்குகிறோம். இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் விரிந்து கிடக்கின்றது. ஆயினும் அது நமக்குச் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் காட்சியாகவே நின்றுவிடுகின்றது. அந்நிலத்தில் வாழ்ந்த மக்கள் யாவர், அவர்கள் எழுப்பிய மாளிகைகளும் கோயில்களும் யாவை, அவற்றுக்கும் நமக்கும் உள்ள உறவு யாது என்று இறங்கிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

பல்லாண்டுகள் அவ்வாறே சென்று வந்த நாங்கள், ஒருமுறை வழியை மாற்றிப் பார்ப்பது என்று துணிந்தோம். அரசு தரும் பயணச் சலுகையில் நேர்வழிக்குரிய கட்டணம் போக மிகுதியைக் கைப்பொறுப்பில் ஏற்றுக்கொண்டு, எல்லோரா, பாதாமி, பட்டடக்கல் ஆகிய இடங்களில் தங்கி, இறுதியில் காஞ்சிபுரம் சேர்வது என்பது திட்டம். அந்த வரிசையை நாங்கள் ஆராய்ந்து வகுத்தோம் அல்லோம். இரயில் பாதை வகுத்துக் கொடுத்தது. ஆனால் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய அப்பயணம், வரலாற்றில் பின்னோக்கி நடந்த பயணமாகவும் அமைந்தது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி முற்பகுதிக்குச் சென்றோம். ஆற்றின் கழிமுகத்தில் கால் நனைத்து, கரை வழியே ஊற்றைத் தேடி நடப்பதை ஒத்த அனுபவம் அது. அவ்வழியில் நாம் கண்டதையும், நம் எண்ணத்தில் திருத்திக்கொண்டதையும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையினின்று வெளிப்பட்ட கோயில்

மகாராட்டிரத்தில், ஔரங்காபாத் என வழங்கி 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் எல்லோரா உள்ளது. மலைச்சரிவை ஒட்டிப் பௌத்தம், சைவ வைணவம், சமணம் ஆகிய சமயங்களுக்குரிய குடைவரைகள் வரிசையாக அமைந்துள்ளன. பதினாறாம் எண்ணிட்ட குடைவரையே கைலாசநாதர் கோயில். குடைவரை என்று அதனைச் சொல்வதும் பொருந்தாது. மலையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி மூன்று புறமும் அகழ்ந்து, நடுவில் விட்ட பாறையையே கோயிலாகச் செதுக்கியுள்ளனர். எனவே கட்டடக் கலையின் வழக்கமான ஒழுங்கு இங்கே தலைகீழாகின்றது. பிற கோயில்களில் அடித்தளம் முதலில், சிகரம் இறுதியில். இங்கே சிகரம் முதலில், அடித்தளம் இறுதியில். மேலே பிழை நேர்ந்தால் கீழே திருத்திக்கொள்ள வழியில்லை. பின்புறச் சுவராக நிற்கும் மலை 100 அடிக்கும் மேற்பட்ட உயரம் உடையது.

இதனை எடுப்பித்தவன் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன். இவன் ஏறத்தாழ 756 முதல் 773 வரை ஆண்டவன். இவனுக்குப் பின்வந்த கிளைமரபினனாகிய கர்க்கன் 812-13இல் வெளியிட்ட பரோடாச் செப்பேடு இக்கோயிலின் பெருமையைப் பேசுகின்றது. அமைத்த சிற்பியே தன் படைப்பை நோக்கி, இதனை எவ்வாறு செய்து முடித்தோம் என்று வியந்து நின்றான் என்பது அச்செப்பேடு தரும் செய்தி. உள்ளே நுழைந்து அண்ணாந்து நோக்குவோர் எவரும் அதனை வெறும் உயர்வு நவிற்சி என்று தள்ளார்.

எங்களுடன் வந்த மகள் தில்லியிலேயே பிறந்தவள். அப்பொழுது ஏழாம் வகுப்பில் பயின்றவள். தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக்கூட்டிக் கற்றவள். முற்றத்தில் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கிறதே, அப்பா! தில்லியில் பிர்லா மந்திரில் பார்க்கிற கோபுரம் மாதிரி இல்லையே!" என்றாள்.

குழந்தையின் கண் சரியாகவே பார்த்தது. வடநாட்டுக் கோயிலின் மேற்கட்டு, அடிமுதல் முடிவரை வளைந்து குவிந்து ஒரே வீச்சில் உயரும். உச்சியில் நெல்லிக்கனி போல் வரி வரியாகப் பிளவுபட்ட தட்டை வட்டக்கல் ஒன்று அமர்ந்திருக்கும். நெல்லிக்கு வடமொழியில் வழங்கும் ஆமலகம் என்ற பெயரே அதற்கும் பெயர். இதனை நாகரபாணி என்பர். தென்னாட்டு விமானமோ படிப்படியாக, தளம் தளமாகக் குறுகி உயரும். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சின்னஞ்சிறு கோயில் வடிவங்கள் மாலை கோத்தாற்போல் நிற்கும். மூலைகளில் நிற்கும் சதுர வடிவம் கூடு. நடுவில் வண்டிக்கூண்டு போன்ற நீள்கூரையுடன் நிற்பது சாலை. தளங்களுக்கு மேல் கழுத்தும், அதன்மேல் குடை கவித்தாற்போன்ற சிகரமும், அதன்மேல் தூபியும் இருக்கும். இது திராவிடபாணி. பெயர்களை மறந்தாலும் குற்றமில்லை. வளைந்து உயர்கின்றதா, தளமாக உயர்கின்றதா என்ற ஒரு வினாவை மட்டும் எந்தக் கோயிலின் முன்னும் கேட்டுக்கொண்டால் போதும். பாதிக் கதவு திறந்துவிடும்.

எல்லோராக் கைலாசம் தளமாக உயர்கின்றது. தக்காணத்தின் நடுவே, கரும்பாறையில் ஒரு தென்னாட்டு விமானம் நிற்கின்றது. அது எவ்வாறு இங்கு வந்தது என்று மகள் கேட்டாள். நாம் எங்கோ படித்திருந்ததை நினைவிற் கொண்டு தயங்காமல் விடை கூறினோம்: காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் அங்கிருந்த தமிழ்ச் சிற்பிகளை அழைத்துச் சென்று பட்டடக்கல்லில் ஒரு கோயில் எழுப்பினான், அதனைப் பார்த்து இராட்டிரகூடர் இங்கே செதுக்கினர், ஆகவே இதுவும் நம்முடையதே. சொல்லும்பொழுது நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மொழி வேறாகிய ஊரில் வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு, 'இது நம்முடையது' என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவதில் தனி இன்பம் உண்டன்றோ? மகள் தன் ஓவியக் குறிப்பேட்டில் சிகரத்தை வரைந்து, விளிம்புகளை எண்ணி, அதன்கீழ் 'எட்டுப் பட்டை' என்று எழுதிக்கொண்டாள்.

பாதாமியின் பாறைகள்

அங்கிருந்து சோலாப்பூர், விஜயபுரம், பாகல்கோட் வழியாகப் பாதாமி வந்து சேர்ந்தோம். பாதாமி என்பது வேறன்று, நம் வாதாபியே. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த தலைமுறையினர்க்கு வாதாபி என்றவுடன் தீப்பற்றி எரியும் பகைநகர் ஒன்றே மனக்கண்ணில் தோன்றும். நேரில் காணும் பாதாமியோ, இருபுறமும் செம்பாறைக் குன்றுகள் காவல் நிற்க, நடுவே அகத்தியர் பெயர் தாங்கிய ஏரி அமைதியாக விளங்கும் சிற்றூர். தென்குன்றில் நான்கு குடைவரைகள் உள்ளன. அவற்றுள் மூன்றாவது 578ஆம் ஆண்டுக் கல்வெட்டு உடையது.

சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மேல் படையெடுத்தான். அதற்கு மறுமொழியாக 642இல் முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் வாதாபியைக் கைப்பற்றி, 'வாதாபி கொண்டான்' என்னும் பட்டம் பூண்டான். அவனுடைய கல்வெட்டு, சிதைந்த நிலையில், பாதாமியின் பாறை ஒன்றில் இன்றும் உள்ளது. ஏறத்தாழ 13 ஆண்டுகள் அந்நகர் சாளுக்கியர் கையில் இல்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் அதனை மீட்டான். அவன் மகன் வினயாதித்தன். அவன் மகன் விசயாதித்தன். அவன் மகன் இரண்டாம் விக்கிரமாதித்தன். இந்த நால்வர் காலத்திலும் பகை அடங்கவில்லை. தலைநகரை இழந்த நினைவு ஓர் அரச குடும்பத்தில் எவ்வாறு தங்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பாதாமியின் வடகுன்றில் ஏறுவோர் மாலெகித்தி சிவாலயம் என்னும் சிறிய கோயிலைக் காண்பர். அளவிற் சிறியது, ஆனால் தளம், கழுத்து, சிகரம் என்ற தென்னாட்டு முறை அதில் தெளிவாக உள்ளது. அது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்று நாங்கள் அதன் நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோமே யன்றி, அதன் காலத்தை எண்ணிப் பார்த்தோம் அல்லோம்.

மலப்பிரபைக் கரையில்

பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டரில் பட்டடக்கல். பட்டம் சூட்டும் கல் என்பது பெயரின் பொருள். சாளுக்கிய மன்னர் முடிசூடிய இடம் இது என்பர். முன்னாளில் கிசுவொளல் என்றும் வழங்கிற்று. சிவந்த ஊர் என்பது அதன் பொருள். செந்நிற மணற்கல்லைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை உடனே உணர்வர். மலப்பிரபை ஆறு இவ்விடத்தில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகின்றது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற இவ்வளாகத்தில் ஒன்றையொன்று நெருங்கிப் பல கோயில்கள் நிற்கின்றன.

இவ்வூரின் வியப்பு அந்த நெருக்கத்திலேதான் உள்ளது. கலகநாதர், காசி விசுவநாதர், சம்புலிங்கர் கோயில்கள் வளைந்து உயரும் நாகரபாணியைச் சார்ந்தவை. சில அடிகள் நடந்தால் சங்கமேசுவரர், விரூபாட்சர், மல்லிகார்ச்சுனர் கோயில்கள் தளந்தளமாக உயரும் திராவிடபாணியில் நிற்கின்றன. சற்றுத் தெற்கே உள்ள பாபநாதர் கோயிலில் வடநாட்டு மேற்கட்டும் தென்னாட்டுக் கூறுகளும் ஒருங்கே கலந்துள்ளன; அதன் சுவரில் இராமாயணக் காட்சிகள் பெயர் பொறிப்புடன் செதுக்கப்பட்டுள்ளன. ஒரே கல், ஒரே ஆறு, ஒரே அரசு. அதற்குள் இரு பாணிகள் அண்டை வீட்டார் போல் வாழ்ந்திருக்கின்றன.

இவற்றுள் பெரியது விரூபாட்சர் கோயில். இன்றும் வழிபாடு நிகழ்வது. இரண்டாம் விக்கிரமாதித்தனின் பட்டத்தரசி உலோகமாதேவி 740ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுப்பித்தமையால், முதலில் உலோகேசுவரம் எனப் பெயர் பெற்றது. அதன் அருகிலுள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலை அவளுடைய தங்கையும் அம்மன்னனின் மற்றொரு தேவியுமாகிய திரைலோக்கியமாதேவி எடுப்பித்தாள். காஞ்சியை மும்முறை வென்ற விக்கிரமாதித்தனின் தேவிக்காக இக்கோயில் எடுக்கப்பட்டது என்று விரூபாட்சர் கோயில் கல்வெட்டே கூறுகின்றது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரையும் அக்கல்வெட்டு மறவாது குறிக்கின்றது. அவன் பெயர் குண்டன் அனிவாரிதாசாரி. திரிபுவனாசாரி என்னும் பட்டம் அவனுக்கு வழங்கப்பட்டது. மற்றொரு கல்வெட்டு, தென்திசையின் சூத்திரதாரி என்று சர்வசித்தி ஆசாரி என்பவனைப் புகழ்கின்றது. ஆயிரக்கணக்கான கோயில்களைக் கட்டிய கைகளின் பெயர்களை நாம் அறியோம். இங்கே சில சிற்பங்களின் அருகிலுங்கூட அவற்றைச் செதுக்கியோர் பெயர்கள் உள்ளன. மன்னன் பெயருக்குச் சில அடி தூரத்திலேயே உளி பிடித்தவன் பெயரும் இருப்பதைக் கண்டு நாங்கள் சிறிது நேரம் அங்கேயே நின்றோம்.

கிழக்கு வாயிலில் நுழைந்தால் முதலில் தனி மண்டபத்தில் கரிய கல் நந்தி. அடுத்து, கிழக்கு, வடக்கு, தெற்கு ஆகிய மூன்று திசைகளிலும் முகப்புகள் கொண்ட பெருமண்டபம். பின்னர் இடைகழி, கருவறை. கருவறையைச் சுற்றி உள்ளேயே வலம்வரும் இருண்ட பாதை. அதற்குக் கற்சன்னல்களின் துளைகள் வழியே வெளிச்சம் வருகின்றது. மண்டபத் தூண்களில் இராமாயண, பாரதக் கதைகளும் பஞ்சதந்திரக் கதைகளும் உள்ளன. கோயிலைச் சுற்றித் திருமதில். மதிலை ஒட்டிச் சிறுகோயில்கள் இருந்தன. அவற்றுட் சில எஞ்சியுள்ளன. இவ்வமைப்பைக் கண்டதும் எல்லோராவின் வரைபடம் மனத்தில் தானே விரிந்தது. அங்கும் வாயில், நந்தி மண்டபம், முப்புற முகப்புடைய மண்டபம், கருவறை என்ற அதே வரிசை. விரூபாட்சரை முன்மாதிரியாகக் கொண்டே எல்லோராக் கைலாசம் அமைந்தது என்று கலை வரலாற்றறிஞர் பெரும்பாலோர் கருதுகின்றனர். 753ஐ ஒட்டிச் சாளுக்கியரை வீழ்த்தி ஆட்சியைக் கைக்கொண்டவர் இராட்டிரகூடர். வீழ்த்திய குடியின் கோயிலையே அவர்கள் மாதிரியாகக் கொண்டனர்.

ஆயினும் எல்லோரா, விரூபாட்சரின் படியெடுப்பு அன்று. பட்டடக்கல்லில் கிழக்கு நோக்கிய கோயில், எல்லோராவில் மலைச்சரிவின் போக்கால் மேற்கு நோக்கித் திரும்பிற்று. தரைமீது நின்ற நந்தி மண்டபம் அங்கே மேல்தளத்துக்கு ஏறி, பாலங்களால் இணைக்கப்பட்டது. கோயில் முழுவதையும் யானைகள் சுமப்பதுபோல் அடித்தளம் உயர்த்தப்பட்டது. எங்கள் மகளின் குறிப்பேடு மற்றொன்றையும் காட்டிற்று. விரூபாட்சரின் சிகரம் நாற்பட்டை, மல்லிகார்ச்சுனருடையது வட்டம், எல்லோராவினது எட்டுப் பட்டை. அலுவலகக் கோப்பு ஒன்று மேசைக்கு மேசை செல்லும்பொழுது ஒவ்வொருவரும் தம் குறிப்பை எழுதிச் சேர்ப்பதைப் போன்று, கலையும் கைக்குக் கை மாறும்பொழுது வளர்ந்துகொண்டே செல்கின்றது.

அவசர விடையும் அதன் திருத்தமும்

இவ்வாறு மகிழ்ந்திருந்த வேளையில்தான் மகள் சங்கமேசுவரர் கோயிலின் முன்னிருந்து அழைத்தாள். தொல்பொருள் துறையினர் வைத்த அறிவிப்புப் பலகையை அவள் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதைக் கட்டினவர் விசயாதித்தர். அவர் காஞ்சியை ஜெயித்தவரோட அப்பாதானே? இதுவும் தளம் தளமாகத்தானே இருக்கிறது? அப்படியென்றால் இதைக் கட்டினது யார்?" என்றாள்.

நம்மிடம் விடை இல்லை. விசயாதித்தன் ஆண்டது 696 முதல் 733 வரை. அவன் பெயரால் விசயேசுவரம் என்று எழுந்த அக்கோயில், அவன் மகன் காஞ்சியில் நுழைவதற்கு முன்னரே தென்னாட்டு முறையில் தோன்றிவிட்டது. அதற்கும் முன்னர், நாங்கள் கட்டுச்சோறு உண்ட மாலெகித்தி சிவாலயமும் அம்முறையிலேயே எழுந்துவிட்டது. காஞ்சிச் சிற்பிகள் வந்துதான் சாளுக்கியர்க்கு இக்கலையைக் கற்பித்தனர் என்னும் கூற்று இவ்விரண்டு கோயில்களின் முன் நிற்கமாட்டாது. காஞ்சியிலிருந்து சிற்பிகளை அழைத்து வந்ததாகக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. அது நூலாசிரியர் சிலரின் ஊகம்; வாய்வழியே பரவி உண்மையெனக் குடியேறியது. குண்டன் தாங்கிய அனிவாரிதன் என்னும் பெயர் விக்கிரமாதித்தனுக்கே உரிய விருதுப்பெயர். தன் மன்னனின் பெயரைத் தாங்கிய அத்தச்சனைத் தமிழன் எனக் கொள்ள நமக்குச் சான்று இல்லை.

இன்னும் ஒன்று எண்ணத்தக்கது. பல்லவர் முதலில் மலைகளைக் குடைந்தனர். மாமல்லபுரத்தில் பாறைகளையே தேர்களாக்கினர். கல்லை அடுக்கிக் கோயில் கட்டும் வழக்கம் அவர்களிடம் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, இராஜசிம்மன் காலத்தில் மலர்ந்தது. சாளுக்கியரோ ஐகொளையில் 634இல் மேகுத்திச் சமணக் கோயிலைக் கல்லடுக்கிக் கட்டிவிட்டனர். அவ்வாறாயின் கற்றுக் கொடுத்தவர் யார், கற்றுக் கொண்டவர் யார்? இரு நாட்டுத் தச்சரும் ஒருவர் வேலையை மற்றொருவர் பார்த்துக்கொண்டே இருந்தனர் என்பதுதான் கற்கள் தரும் விடை. போரில்லாத காலங்களில் அவர்கள் எவ்வாறு பழகினர் என்பதைப் பட்டயங்கள் சொல்வதில்லை. ஆனால் பழகாமல் இத்தகைய ஒற்றுமை தோன்றாது.

அன்றிரவு பாதாமி விடுதியில் மகளிடம், நாம் எல்லோராவில் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டோம். அவள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, "அப்போ காஞ்சிபுரத்தில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டாள். அது நல்ல வினா.

காஞ்சித் தூணின் சான்று

காஞ்சி கைலாசநாதர் கோயில், இராஜசிம்மன் எனப் புகழ்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மனால் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பெரிய புராணத்தில் பூசலார் நாயனார் வரலாற்றில் வரும் காடவர்கோனின் கற்றளி இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. அடியில் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் கொண்டு கட்டப்பட்டது. திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிறுகோயில்கள் மாலைபோல் அமைந்துள்ளன. அவற்றைக் கண்டவுடன் பட்டடக்கல் மதிலின் சிறுகோயில்கள் நினைவுக்கு வந்தன. மதிலையும் சிறுகோயில்களையும் நடுவிமானத்தையும் ஒரே திட்டமாகக் கொண்ட பெருமிதம், உலோகமாதேவியின் கோயிலுக்குக் காஞ்சி தந்த கொடையாக இருக்கலாம். தென்பாணிக் கலை அங்கே முன்னரே இருந்தது. அதனை இத்துணைப் பெரிதாக எண்ணிப் பார்க்கும் துணிவை இக்கோயில் அளித்திருத்தல் கூடும். சிகரத்தை மகள் எண்ணினாள்: எட்டுப் பட்டை. எல்லோராவில் கண்ட அதே எண்.

இக்கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில்தான் நாங்கள் தேடி வந்த சான்று உள்ளது. அது தமிழில் இல்லை; பல்லவரின் கிரந்தத்திலும் இல்லை; பழைய கன்னடத்தில் உள்ளது. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபின், இராஜசிம்மேசுவரத்தின் பெருஞ்செல்வத்தைக் கண்டும் அதனைக் கவராது, இறைவனுக்கே மீள அளித்தான் என்பது அதன் செய்தி. அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் 750இல் வெளியிட்ட கேந்தூர்ச் செப்பேடும் இதனை உறுதிப்படுத்துகின்றது. நகரை அழிக்காமல் உள்ளே புகுந்தான். அந்தணர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஈந்தான். நரசிம்மப் போத்தவர்மன் எடுப்பித்த கற்கோயில்களுக்குப் பொற்குவியலைத் திருப்பித் தந்தான் என்று அச்செப்பேடு கூறுகின்றது. வென்றவர் தம் பெருமையைத் தாமே எழுதிக்கொண்ட ஆவணங்கள் இவை என்பது உண்மையே. ஆனால் பகைவனின் கோயிலைக் கொள்ளையிடாமையே தன் பெருமை என்று ஒருவன் எழுதி வைக்க விரும்பினான் என்பதும் உண்மையன்றோ? அதனை அழித்துவிடாமல் பல்லவரும் அவர்க்குப் பின்வந்தோரும் விட்டு வைத்தனர் என்பதும் எண்ணத்தக்கது.

அவன் புலிகேசியின் வழியில் நான்காம் தலைமுறையினன். வாதாபி வீழ்ந்த ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் காஞ்சி அவன் கையில் இருந்தது. கணக்கைத் தீர்க்க விரும்பியிருந்தால் தடுப்பார் இல்லை. வாதாபியின் வீழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கின்றோம். காஞ்சியின் தூணில் உள்ள இந்தச் செய்தியை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்? நாங்கள் ஒருமுறையும் சொன்னதில்லை. இத்தனைக்கும் அத்தூண் நம் சொந்த ஊருக்குச் சில மணி நேரப் பயணத்தில் நின்றுகொண்டிருந்தது.

'நம்முடையது' என்னும் சொல்

பட்டடக்கல் வளாகத்தில் நாங்கள் கண்ட மற்றொரு தூணைப் பற்றியும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். கீர்த்திவர்மன் காலத்தில், 754இல், ஞானசிவாசாரியர் என்பவர் நாட்டிய தூண் அது. அவர் கங்கையின் வடகரை நாட்டிலிருந்து வந்து அங்கே தங்கியவர். இரு தேவியரின் கோயில்களையும் குறிக்கும் அத்தூணின் சாசனம் இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. ஒருமுறை வடநாட்டு எழுத்தில், மறுமுறை அந்நாட்டுக் கன்னட எழுத்தில். கங்கைக் கரையினர் ஒருவர், காஞ்சியின் சாயல் கொண்ட கோயிலுக்கு அருகே, கன்னட நாட்டில், தம் எழுத்தையும் விடாமல், வாழவந்த நாட்டின் எழுத்தையும் ஒதுக்காமல் ஒரு தூணை நிறுத்தியிருக்கின்றார். யமுனைக் கரையில் குடியேறித் தமிழையும் இந்தியையும் ஒரே நாக்கில் வைத்திருக்கும் நமக்கு அவர் அயலாராகத் தோன்றவில்லை.

நம் பிள்ளைகள் பேசும் தமிழில் பிற சொற்கள் கலந்துவிட்டன என்றும், நம் வீட்டுப் பொங்கல் ஊர்ப் பொங்கல் போல் இல்லை என்றும் நாம் அடிக்கடி வருந்துகின்றோம். அவ்வருத்தம் தவறன்று, இழப்பும் உண்மையே. ஆனால் இடம் பெயர்ந்த எதுவும் பெயர்ந்தபடியே இருந்ததில்லை என்பதை அச்சிகரங்கள் காட்டுகின்றன. எட்டுப் பட்டை நான்காயிற்று, வட்டமுமாயிற்று, பின்னொருநாள் வேறோரிடத்தில் மீண்டும் எட்டாயிற்று. ஒவ்வோரிடத்திலும் அங்கிருந்த கல்லுக்கும் மலைக்கும் ஏற்ப மாறி நின்றது. மாறியும் காண்போர்க்கு உறவை உணர்த்தியது. எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் குழந்தை ஒன்று எல்லோராவில் 'நம்ம ஊர்க் கோயில்' என்று அடையாளம் கண்டதே அதற்குச் சான்று. அது நம்முடையது மட்டுமே என்று நாம் சொன்னதுதான் பிழை.

பூசலார் தம் மனத்திலேயே கோயில் கட்டி முடித்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. கல் பெயர்த்து எவரும் காஞ்சியிலிருந்து மலப்பிரபைக்குக் கொண்டு செல்லவில்லை. மலப்பிரபையிலிருந்து எல்லோராவுக்கும் கொண்டு செல்லவில்லை. யாரோ சில தச்சர்கள், நின்று பார்த்து, எண்ணி அளந்து, மனத்திற் கட்டிக்கொண்டு நடந்திருக்கின்றனர்.

ஆகவே, அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளேனும் இடைவழியில் இறங்குங்கள். பெரும் புலமை வேண்டியதில்லை. உள்ளிருட்டுக்கு ஒரு கைவிளக்கும், பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். வளைந்து உயர்கின்றதா, தளமாக உயர்கின்றதா என்று பாருங்கள். பட்டைகளை எண்ணுங்கள். அறிவிப்புப் பலகையில் உள்ள ஆண்டினைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் வினாவுக்கு உடனே விடை சொல்ல விரையாதீர்கள். எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன.